ஆள்மாற்றியல்: வகையும் தொகையும்

1. வரையறை

மாணாக்கனே, அணி ஒன்றை நடத்துவோன் ஆட்களைச் சேர்க்கும் வழி மூன்று: இருப்பவனை நிறுத்தல், ஏலத்தில் எடுத்தல், பிற அணியோடு மாற்றல். நிறுத்தல் பழக்கத்தால் நிகழ்வது. எடுத்தல் சுத்தியல் விழும் விரைவில் நிகழ்வது. மாற்றல் ஒன்றே இருவர் எதிரெதிர் அமர்ந்து, தத்தம் ஆளின் குறையைத் தாம் அறிந்து, அதனை மற்றவன் அறியான் என்று நம்பிச் செய்வது. ஆதலின் நடத்துவோன் திறம் விளங்கும் இடம் மாற்றலே என்க. இதனை ஆராயும் துறை ஆள்மாற்றியல், செய்வோன் மாற்றுநன், அவனை அளப்போன் அளவையாளன். நூற்பா வருமாறு:

கொடுத்ததும் கொண்டதும் கொண்டபின் விளைந்ததும்
அடுத்தடுத் தெண்ணார் அளவையா ளரல்லர்.

மாற்றுநன் ஒருவனா பலரா எனின், அமெரிக்கரின் அடிபந்தாட்டத்தில் ஒருவன். புகழும் பழியும் ஒரே தலைமேல் ஏறும். ஐ.பி.எல். துடுப்பாட்டத்தில் உரிமையாளர், செயல் அலுவலர், இயக்குநர், பயிற்றுநர் எனப் பலர். வெற்றியில் அனைவரும் எழுவாய் ஆவர். தோல்வியில் தோன்றா எழுவாய் ஆவர். இங்கு மாற்றப்படுவோன் இசைவும் வேண்டுமாதலின் அவன் முழுச் செயப்படுபொருள் அல்லன்.

வேற்றுமொழிப் பெயர்கள் இந்நூலில் வந்தவாறே நிற்கும். திங்களின் பெயர்கள் ஈழத்து வழக்கின. கார்த்திகை என்பது ஆண்டின் பதினோராம் திங்கள்.

2. கைம்மாறு பற்றிய வகை

(அ) ஆள்நிகர் மாற்று. ஆளுக்கு ஆள் பெறுவது. 2009இல் பெங்களூரு சகீர் கானை மும்பைக்கு ஈந்து இராபின் உத்தப்பாவைக் கொண்டது இது.

(ஆ) பொன்நிகர் மாற்று. ஆளுக்குப் பணம் பெறுவது. 2018இல் பெங்களூரு குவின்டன் டி கொக்கை 2.8 கோடி இந்திய உரூபாவுக்கு மும்பைக்குத் தந்தது. அவர் 2019இல் 529, 2020இல் 503 ஓட்டங்கள் எடுத்தார். ஈராண்டும் கிண்ணம் மும்பைக்கே. பெங்களூரு பெற்ற 2.8 கோடி எத்தனை ஓட்டம் எடுத்தது என்பது பதிவில் இல்லை.

(இ) பன்மை மாற்று. ஒருவனுக்குப் பலரைத் தருவது. 2025 கார்த்திகை 15இல் சென்னை இரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குத் தந்து சஞ்சு சாம்சனைப் பெற்றது. விலையிறக்கம் இதன் உள்வகை: ஜடேஜாவின் 18 கோடி இம்மாற்றில் 14 ஆயிற்று. கரனின் 2.4ஐக் கூட்டினும் 16.4; சாம்சன் 18. எஞ்சிய 1.6 கோடியை அளவையாளன் இருவர் கணக்கிலும் எழுதலாகாது.

3. விளைவு பற்றிய வகை

(அ) உடன்பழம். கொண்ட ஆண்டே பயன் தருவது. 2021 தைத் திங்களில் தில்லியிடமிருந்து பெங்களூரு பெற்ற ஹர்ஷல் பட்டேல் அவ்வாண்டே 32 இலக்குகள் வீழ்த்தினார்.

(ஆ) பிற்பழம். முதலில் தோல்வி எனத் தோன்றிப் பின்னர்க் கனிவது. 2018இல் ஹைதராபாத் ஷிகர் தவனைத் தில்லிக்குத் தந்து விஜய் சங்கர், ஷாபாஸ் நதீம், அபிஷேக் சர்மா மூவரைப் பெற்றது. தவன் 2019இல் 521, 2020இல் 618 ஓட்டங்கள். தில்லி வென்றது என்று ஏட்டை மூடினர். 2024இல் அபிஷேக் 484 ஓட்டங்கள் எடுத்து ஹைதராபாத்தை இறுதி ஆட்டத்துக்கு இட்டுச் சென்றார். ஏடு மீண்டும் திறந்தது. இதனுள் இரண்டு: ஆளைக் கைவிடாது வைத்திருக்கக் கனிவது தொடர்பழம், கைவிட்டு மீட்டபின் கனிவது அறுபழம். அபிஷேக்கை ஹைதராபாத் 2022 ஏலத்தில் 6.5 கோடிக்கு மறுபடி வாங்கியமையின் இஃது அறுபழம். புகழில் ஒரு கூறு சுத்தியலுக்கு உரியது. தொடர்பழத்துக்கு அமெரிக்க அடிபந்தாட்டம் நோக்குக: 1987இல் டெட்ராய்ட் அணி ஜான் சுமோல்ட்சு என்னும் இளையோனை அட்லாண்டாவுக்குத் தந்து டாயில் அலெக்சாண்டரைப் பெற்றது. அலெக்சாண்டர் அவ்வாண்டு டெட்ராய்ட்டுக்காக ஒன்பது வென்று ஒன்றும் தோற்கவில்லை. சுமோல்ட்சு 2015இல் புகழ்மன்றம் புகுந்தார்.

(இ) மீள்கணை. தந்தவன் மேலேயே திரும்பித் தைப்பது. 2019இல் தில்லி டிரென்ட் போல்ட்டை மும்பைக்கு ஈந்தது. 2020 இறுதி ஆட்டம் அவ்விரு அணிக்கும் இடையே நிகழ்ந்தது. போல்ட் தம் முதற்பந்திலேயே தில்லியின் ஸ்டோய்னிசை வீழ்த்தி, மூன்று இலக்குகளுடன் ஆட்டநாயகரும் ஆனார்.

(ஈ) கொசுறுப்பேறு. பெயர்பெற்றவனோடு உடன்வந்தவன் பெயர்பெறுவது. அஜிங்கியா ரகானேயைத் தில்லிக்குத் தந்த ராஜஸ்தான், மயங்க் மார்கண்டேயோடு ராகுல் தெவாட்டியாவையும் பெற்றது. 2020 புரட்டாதியில் சார்ஜாவில் தெவாட்டியா கொட்ரெல் வீசிய ஒரே பந்துப் பரிமாற்றத்தில் ஐந்து ஆறுகள் அடித்தார்.

(உ) இருபாலிழப்பு. 2023 கார்த்திகையில் ஹார்திக் பாண்டியா குஜராத்தை விட்டு மும்பை சென்றார். 2024இல் குஜராத் எட்டாமிடம், மும்பை பத்தாமிடம். அணிகள் பத்தே ஆதலின் இதற்குக் கீழ் உள்வகை இல்லை.

(ஊ) சுற்றுமீட்சி. ஆள் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. 2023இல் லக்னோ ஆவேஷ் கானை ராஜஸ்தானுக்குத் தந்து தேவ்தத் படிக்கலைக் கொண்டது. 2024இல் ஆவேஷ் 19 இலக்குகள். படிக்கல் ஏழு ஆட்டங்களில் 38 ஓட்டங்கள். அவ்வாண்டு ஏலத்தில் லக்னோ ஆவேஷை 9.75 கோடிக்கு மீண்டும் எடுத்தது. மாற்றின் பயன் படிக்கலின் 38 ஓட்டங்கள் என்று கொள்க.

4. அளவையாளர் வகை

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில், பிலிமத்தலாவைக் கடைத்தெருத் தேநீர்க்கடையில், இந்நால்வகையினரையும் ஒரே நீள்பலகையில் காணலாம்.

(அ) முன்னளவையார்: பந்து வீசுமுன் அளப்போர். சாம்சன் மாற்றின் தீர்ப்பை அன்று மாலையே வழங்கினர். கண்டிப் பேருந்து வந்தமையின் காரணம் கூறிற்றிலர்.

(ஆ) உடனளவையார்: முதல் ஆட்டத்தால் அளப்போர். இரண்டாம் ஆட்டம் இவர்க்கு மேன்முறையீடு.

(இ) பின்னளவையார்: அனைத்தும் முடிந்தபின் 'அன்றே சொன்னேன்' என்போர். அன்று சொன்னமைக்குச் சான்று அன்று உடனிருந்த மற்றொரு பின்னளவையார்.

(ஈ) ஓயாவளவையார்: சகீர், உத்தப்பா இருவரும் ஆட்டத்தைத் துறந்தபின்னும் 2009 மாற்றைத் தீர்க்காதோர். துறையின் தூண்கள் இவரே.

5. விலக்கு

(அ) ஊர்ச்சார்பு. ராஜஸ்தானின் இயக்குநராக 2021இல் அமர்ந்த குமார் சங்கக்கார கண்டித் திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். ஆகவே அவ்வணியின் மாற்றுகள் பிலிமத்தலாவையில் தொடக்கத்திலேயே ஐந்து மதிப்பெண் மிகுதியாகப் பெறும், கடுகண்ணாவையில் மூன்று. முத்தையா முரளிதரன் பயின்ற புனித அந்தோனியார் கல்லூரி நிற்கும் கட்டுகஸ்தோட்டையில் அம்மிகுதி, அவர் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்த ஹைதராபாத்துக்குச் செல்லும். பேராதனைப் பாலத்தில் இரண்டும் ஈடாகும். ஐயம் எழுந்தால் அளவையாளன் அங்குச் சென்று நின்று அளக்க.

(ஆ) விடுவிப்பு. திரித்துவக் கல்லூரியின் மற்றொரு மாணவர் மதீஷ பத்திரனவை 13 கோடிக்கு நிறுத்தியிருந்த சென்னை, 2025இல் விடுவித்தது. கொல்கத்தா 18 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. இதில் எதிரே அமர்ந்தவன் இல்லை. எனவே மாற்று அன்று. கண்டியில் இதுபற்றி எழுந்த சினம் இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

6. காலநெறியும் பயிற்சியும்

தவன் மாற்று கனிந்து விளங்க ஆறாண்டு ஆயிற்று. ஆகவே ஆறாண்டு நிரம்பாத மாற்றைக் கொண்டு மாற்றுநனை வாழ்த்துதலும் வைதலும் வழு. இடையில் அவன் பணியிழத்தல் வழுவமைதி.

பயிற்சி: சாம்சன் மாற்று விளைவு பற்றிய அறுவகையுள் எதன்பாற் படும்? விடை 2031 கார்த்திகைக்கு முன் ஏற்கப்படாது. முன்னளவையார் தம் விடையை இன்றே நாள் குறித்து மூடித் தருக. பின்னளவையார் அதனைப் பார்த்து எழுதலாகாது.