இன்வர்ட்டர் மாமா

கரண்ட் போனால் மந்தைவெளியில் எல்லார் முகமும் சுருங்கும். இன்வர்ட்டர் மாமாவின் முகம் மட்டும் மலரும். தேவநாதன் தெரு, நார்ட்டன் ரோடு என்று தெருவுக்கு ஒருவராவது உண்டு. பெரும்பாலும் ரிட்டையர்ட் ஆசாமி. கரண்ட் இருக்கிறவரை டிவி ரிமோட் விஷயத்தில்கூட அவர் சொல் வீட்டில் எடுபடாது. விளக்கு ஒரு தரம் கண்ணைச் சிமிட்டி, இன்வர்ட்டர் ‘டக்’ என்றதும் ஆட்சி கைமாறிவிடும்.

"எல்லாரும் ஹாலுக்கு வாங்கோ. ஒரு ஃபேன் போதும்."

"போனுக்கு சார்ஜ் போடணும் தாத்தா."

"எத்தனை இருக்கு?"

"நாப்பது பர்சென்ட்."

"அது ராத்திரி வரைக்கும் வரும்."

கணக்கில் மாமாவை அடிக்க முடியாது. பேட்டரி 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் இறக்கினால் ஆயுசு போய்விடும், ஆகவே கையிருப்பு 900தான். பழைய ஃபேன் 75 வாட் குடிக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30. எல்லாம் அட்சர சுத்தமான கணக்கு. என்ன, கரண்ட் போவது இருபது நிமிஷத்துக்கு.

அதைச் சொன்னால் 2012-க்குப் போய்விடுவார். சென்னையில் தினம் 2 மணி நேர மின்வெட்டு இருந்த காலம். வெளியூர்க்காரர்கள் அப்போது அரை நாள் இருட்டில் கிடந்தார்களே என்று நினைவூட்டினால் காது கேட்காது. அடுத்தது 2016 டிசம்பர் 12, வர்தா. பிறகு 2023 மிக்ஜாம். மற்றவர்கள் புயலை விழுந்த மரங்களால் நினைவு வைத்திருக்கிறார்கள், மாமா வோல்ட்டேஜால்.

சனிக்கிழமை காலை பேட்டரிக்கு உபசாரம். மிதவை சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் மூடியைத் திறந்து, புனல் வைத்து டிஸ்டில்ட் வாட்டர். குழாய்த் தண்ணீரின் உப்பு பிளேட்டைக் கெடுக்கும் என்று, அந்தப் பக்கம் குடத்தோடு யார் போனாலும் முறைப்பார். ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "1.250... பரவாயில்லை" என்பார், பேரனின் மார்க் ஷீட்டைப் பார்த்த தொனியில். டெர்மினலில் பூத்திருப்பதை மாமியின் ஆப்ப சோடா போட்டுக் கழுவி, வாசலைன் தடவுவார். ஆசிட் தெறித்தது வேஷ்டி வெளுத்து வந்த பிறகுதான் தெரியும், பொட்டுப் பொட்டாய் ஓட்டை.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் கரை சேர்ந்த கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் அவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. நடுக்கடலில் ஈ.பி. ஆபீசுக்கா போன் போட முடியும்? "எட்டு மாசம் ரெண்டு பொண்களும் சமாளிச்சுட்டா. உனக்கு எட்டு நிமிஷம் ஏ.சி. இல்லாம இருக்க முடியலை" என்று பேரனுக்கு ஒரு குட்டு.

சென்ற மாதம் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்தடை. முந்தின நாளே ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது, மோடத்தை அணைக்க வேண்டும் என்று பிரகடனமெல்லாம் ஆயிற்று. மணி பத்து. சமையலறையில் மாமி பழக்கதோஷத்தில் மிக்ஸியைத் திருகினாள். இன்வர்ட்டர் ‘கீ...’ என்று அலறி, ஃபேனையும் சேர்த்து நிறுத்திக்கொண்டது.

"மிக்ஸி பாயின்டுக்கு இன்வர்ட்டர் லைன் குடுத்தது எந்த முட்டாள்?" மாமா ஓடினார்.

மாமி பாதி அரைந்த சட்னியை வழித்தபடி சொன்னாள்: "எலெக்ட்ரீஷியன் வேண்டாம்னுதான் சொன்னான். நீங்கதான் பக்கத்துல நின்னுண்டு, நம்ம பேட்டரி தாங்கும்னேள்."