செவியளவை: வீட்டிலேயே கோன் ஃபில்ட்டர் மாட்டுதல் குறித்த ஓர் ஆய்வு

நன்னூல் வகுத்த பாயிர முறைப்படி ஆக்கியோன் பெயர் முதலில் வர வேண்டும். வண்டி இன்னும் வாரண்டியில் இருப்பதால் அது இங்கே விடுபடுகிறது. நுதலிய பொருள்: 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் கம்பெனி வைத்த ஏர் ஃபில்ட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்புத் துணி போர்த்திய கூம்பு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையாலேயே மாட்டுவது. எல்லை: கோவை அவிநாசி சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். கேட்போர்: பானெட்டைத் திறந்ததும் வந்து நிற்பவர்கள். பயன் பின்னால் பேசப்படும், இருந்தால்.

எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது என்பது உலக வழக்கு. எடை போட்டுப் பார்த்தால் அது ஓடுவது காற்றில்தான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று தேவை. காற்றுக்கு பங்க்கில் விலைப்பலகை இல்லாததால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மேற்படி எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில், முழு மிதியில் சுற்றும்போது கணக்குப்படி நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் இழுக்கிறான். ஆக, கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு உட்கார்ந்திருக்கும் 600 பேரின் மூச்சு அந்தப் பானெட்டுக்கு அடியில் நடக்கிறது.

கோன் ஃபில்ட்டர் விற்பவரின் வாதம் முழுக்க இந்த 600 பேரை நம்பித்தான் நிற்கிறது. இத்தனை பேர் நுழைய வாசல் போதாது, அகலமாக்கு என்கிறார். வாதத்தில் பிழையில்லை. ஆனால் ஹோப் காலேஜ் சிக்னலுக்கும் லட்சுமி மில்ஸ் சிக்னலுக்கும் நடுவே கால் பெடலை எவ்வளவு மிதிக்கிறது? 1,500 ஆர்பிஎம். த்ராட்டில் தகடு ஒருக்களித்துச் சாத்திய கதவாகக் கிடக்கிறது. வந்திருப்பது டவுன் பஸ் ஒன்றில் ஏறக்கூடிய கூட்டம். மண்டபக் கதவையே முக்கால்வாசி சாத்தி வைத்துவிட்டு, வெளியே தெருவை அகலப்படுத்துவதால் பந்திக்கு யாரும் விரைந்து வந்துவிடப் போவதில்லை. கூம்பு உண்மையிலேயே உதவக்கூடிய இடம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் நேர்ப்பாதை. அங்கே இவ்வாய்வாளன் போனதெல்லாம் பார்வையாளனாகத்தான்.

முன்னாய்வுகளில் ஒன்றைச் சொன்னால் போதும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் அடைபட்ட ஃபில்ட்டர்களை வைத்துச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் இன்றைய கார்களில் ஃபில்ட்டர் அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் சொல்லும்படியாகக் குறையவில்லை. பிக்கப் மட்டும் அடிவாங்கியது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. அழுக்கு ஃபில்ட்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால் புது ஃபில்ட்டர் அதை எங்கிருந்து கூட்டும்? இக்கேள்வி டப்பாவின் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை.

இனி களஆய்வு. பழைய பெட்டியின் மூடியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. கிளிப்புகளை நெம்பித் திறந்து காகித ஃபில்ட்டரை வெளியே எடுத்து, கீழடியில் குழிக்குள் இறங்கும் மரியாதையோடு மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்கப்பட்டது. மேலடுக்கில் மேம்பால வேலை நடந்த காலத்துச் சிமென்ட் தூசு, நயமான சாம்பல் நிறம். அதற்குக் கீழே வேப்பம்பூ, ஆகவே சித்திரை. இன்னும் உள்ளே ஈசல் இறகுகள், அதாவது அதற்கு முந்தைய மழை. அடி மடிப்பில் ஒரு நெல் உமி. வண்டி கடைசியாக எப்போது சொந்த ஊர் போனது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் வீட்டில் இல்லை. சில நூறு ரூபாய்க் காகிதம் இவ்வளவையும் பிடித்து வைத்திருந்தது, பிஸ்டன் பக்கம் ஒன்றையும் விடாமல். கூம்பின் எண்ணெய் தோய்ந்த பருத்தி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராள மனசுக்காரர்: காற்றை எளிதாக விடும், கூடவே பொடித் தூசியையும். எண்ணெய் அதிகமாகிவிட்டால் அது போய்க் காற்றளக்கும் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து, அதன் கணக்கைக் குழப்பும்.

மாட்டும் முறையில் பேச அதிகமில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. பத்தாம் நம்பர் ஸ்பானரால் பெட்டியின் போல்ட்டுகளை எடு. சென்சார் வயரை இழுக்காமல் கிளிப்பை அமுக்கிக் கழற்று. குழாயில் கூம்பைச் செருகிக் கிளாம்ப்பை இறுக்கு. காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அது மதியச் சாப்பாடு வரை நீள்வதற்குக் காரணம் பார்வையாளர்கள்.

திறந்த பானெட்டைக் கண்டால் விலகிப் போகிற ஆண்மகன் கொங்கு நாட்டில் இல்லை. முதலில் வந்தவர் "ஸ்டார்ட் ஆகலீங்களா?" என்றார். அடுத்தவர் எதுவும் கேட்காமல் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார், பட்டப்பகலில். மூன்றாமவர் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர், பல வருடம் மகிந்திரா ஜீப்போடு வாழ்ந்தவர். கூம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் போட்டிருக்குதுங்களா? எங்க ஜீப்புல ஒரு கிண்ணம் எண்ணெயே இருக்கும் தம்பி. காத்து அதுல மோதிட்டுத்தான் உள்ள போகும். தூசெல்லாம் அடியில சேறாத் தங்கிரும்." கூம்பைத் திருப்பித் தந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கம்பெனிக்காரன் வெச்சது பத்தலீங்களா?" என்றார்.

ஆய்வின் மையக் கேள்வியைக் காசு வாங்காமல் எழுப்பியவர் என்ற முறையில் இவருக்கு நன்றி உரித்து.

விடைக்கு அளவைகளிடம் போவோம். காண்டல், கருதல், உரை என மூன்றைச் சைவ சித்தாந்திகள் ஏற்பர். காண்டல்: ஸ்பீடாமீட்டர் முள் முன்பு போன வேகத்திலேயே ஏறுகிறது. கருதல்: கம்பெனிப் பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை உறிஞ்சியது, கூம்போ ரேடியேட்டருக்கு அருகே வெந்துகொண்டிருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. 35 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே பவர் குறைந்தே இருக்க வேண்டும். உரை: கடைக்காரர் கூடும் என்கிறார். மூன்றில் இரண்டு எதிர்த்தும், மாட்டியவன் ஒவ்வொருவனும் "பிக்கப் ஏறிருச்சு" என்று சத்தியம் செய்கிறானே, எப்படி?

இங்கேதான் நான்காவதாகச் செவியளவை வேண்டப்படுகிறது. கம்பெனிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, எங்கும் போகாத ஒரு பிளாஸ்டிக் அறை இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு வீண் இடமாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் ஒத்ததிர்வு அறை அது. எஞ்சின் காற்றை விட்டு விட்டு உறிஞ்சும்போது எழுகிற உறுமலை எதிர் அதிர்வால் அமுக்குவதே அதன் வேலை. பெட்டியோடு அதுவும் போனதும், இத்தனை நாள் அடங்கியிருந்த உறுமல் டேஷ்போர்டு வழியாக நேராகக் காதுக்கு வருகிறது. காது அதை வேகம் என்று காலுக்குச் சொல்கிறது. கால் நம்பி இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. வண்டி, இயல்பாகவே, வேகமாகப் போகிறது. பவர் கூடியது மிதியில்; கூம்புக்கு அதில் தரகுப் பங்குதான்.

செவியளவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் கண்டறியப்பட்டது. உப்பிலிபாளையத்தில் ஏறி ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் முழு மிதி மிதித்தபோது, பின்சீட்டில் இருந்த ஆய்வாளனின் தாயார் கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டினார்.

"ஏஞ் சாமி, வண்டிக்கு இளைக்குது பாரு. நிறுத்தித் தண்ணி கிண்ணி ஊத்து."

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்கிறது. ஆர்சியில் சேசிஸ் எண் உண்டு, நிறம் உண்டு, ஏர் ஃபில்ட்டர் இல்லை. இந்த நுட்பத்தைச் சாலையோரத்தில், நல்ல வெயிலில், அதிகாரிக்கு விளக்கும் நாவன்மை உள்ளவர்கள் மேற்கொண்டு செல்லலாம். குளிர்காற்று வேண்டுமென்று குழாயைப் பம்பர் வரை இறக்குகிறவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் அது புகுந்தால் வளைவது கனெக்டிங் ராடு. அந்தச் செலவைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

மேலாய்வுக்குரிய களமாகச் சைலன்சர் எஞ்சியுள்ளது. எதிர் வீட்டுக் கல்லூரி மாணவன் இதில் தரவு திரட்டத் தொடங்கிவிட்டான். தலைப்பு இன்னும் அவன் அம்மாவின் ஒப்புதலுக்குப் போகவில்லை.