விரல் விலைப்பட்டியல்

தங்கத்தின் விலை தினம் மாறும். விரலின் விலை அசையாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போச்சு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. (ஓட்டுப்போட மை வைக்க வேண்டுமே, அதற்காக இரண்டு கூடுதல் போலும்.) மோதிர விரலும் சுண்டு விரலும் ஆளுக்கு 7; மோதிரத்துக்குத் தனி மரியாதை கிடையாது.

மாதம் 15,000 வாங்கும் 30 வயதுக்காரருக்கு, சம்பளத்தில் 60 சதவீதத்தை 207.98 என்ற வயதுக் காரணியால் பெருக்கி, அதில் 7 சதவீதம் எடுத்தால், சுண்டு விரல் சுமார் 1,31,000 ரூபாய். பிரஸ் மெஷின் தன் வேலையை ஒரு நொடியில் முடித்துவிடும். மேனேஜருக்குத்தான் நேரமாகும். ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். "வீட்டுக் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுப்பா, நாம பேசித் தீத்துக்கலாம்" என்பார். பேசித் தீர்த்தாலும் ஒப்பந்தத்தை உரிய அதிகாரியிடம் பதிய வேண்டும், தொகை குறைவென்றால் அவர் மறுக்கலாம் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். வெள்ளைத்தாளைக் கொண்டுவர மறக்கமாட்டார். வலது கை கட்டில் இருக்கிறதா? பரவாயில்லை, இடது கட்டைவிரல் ரேகையே போதுமாம்.