பூசாரிக் குருவி

சொல்லுக்கு வேர் காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் நம்பிவிடுகிற சபலம் எனக்கு உண்டு. கதை அழகாக இருந்தால் போதும், ஆதாரம் கேட்க வாய் வராது. டப்ளினில் என் மானத்தை வாங்கியது 'ட்ரோலீன்' என்ற ஐரிஷ் சொல்.

ட்ரோலீன் என்றால் ரென் குருவி. எடை பத்து கிராம் தேறும். தூக்கி நிறுத்திய குட்டி வால். குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். 908இல் போர்க்களத்தில் மாண்ட மன்ஸ்டர் அரசரும் ஆயருமான கோர்மக்கின் பெயரால் ஒரு பழைய சொல்லகராதி வழங்குகிறது. அது இந்தச் சொல்லின் பழைய வடிவத்தை 'ட்ரூயி', 'ஏன்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது ட்ரூயிட் எனும் பழங்காலப் பூசாரி, பின்னது பறவை. குறி சொல்லும் பறவையாம்! போதாக்குறைக்கு வேல்ஸ் மொழியில் குருவிக்கும் பூசாரிக்கும் 'ட்ரியூ' என்று ஒரே சொல். விடுவேனா? ஐரிஷ் மொழி மாலை வகுப்பில் எழுந்து நின்று முழங்கினேன்.

ஆசிரியை சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அந்தக் காலத்து ஏட்டுக்காரர்களுக்கு எந்தச் சொல்லையும் இரண்டாக உடைக்காவிட்டால் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைய மொழியறிஞர்கள் அந்தப் பிரிப்பை ஏற்பதில்லை. கடைசியில் வரும் 'ஈன்', சிறியது என்று காட்டும் விகுதி, அவ்வளவுதான். சொல்லுக்குள்ளேயே 'ஏன்' இருந்தும் எனக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

புத்தி வந்ததா? என் ஐரிஷ் அகராதியில் அடுத்து 'ட்ரோலீன் ட்யாஸ்பி' கண்ணில் பட்டது. ட்யாஸ்பி என்பது வெயில் சூட்டையும் குறிக்கும், கொழுப்பெடுத்துத் துள்ளுவதையும் குறிக்கும். 'கோடைக் குருவி' என்று நானே பெயர் வைத்து, பறவைக் கையேடு முழுக்கத் தேடினேன். அது வெட்டுக்கிளி. பொருளை முழுசாகப் படித்திருந்தால் அங்கேயே போட்டிருந்தது.

அயர்லாந்தில் டிசம்பர் 26 ரென் நாள். முன்பெல்லாம் இந்தக் குருவியைக் கொன்று கம்பில் கட்டி, அதன் சாவுச் செலவுக்கென்று பாடி வீடு வீடாகக் காசு வாங்குவார்கள். இப்போது உயிர்க்குருவியைத் தொடுவதில்லை. டிங்கிள் ஊரில் வைக்கோல் உடையோடு முரசடித்து வருகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து நிறுத்திப் பூசாரிக் கதையை மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் உண்டியலை நீட்டினார். என்னிடம் சல்லிக்காசு இல்லை.

நீங்கள் போவதானால் சில்லறை கொண்டு போங்கள், வேர்ச்சொல் வேண்டாம்.