தூரத்துப் போலீஸ்

அந்தக் காலத்தில் எங்கள் மலேசியத் தோட்டத்துக்கு நீதி வேனில் வரும். சம்பளம் போட்ட வாரம் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் பாய் விரிக்க இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவதைப் பார்ப்போம். எந்தக் கையானால் என்ன, நம்பியார் தோற்றால் சரி.

'ஆயிரத்தில் ஒருவன்' எத்தனை முறை வந்தாலும் கூட்டம் குறையாது. கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்கு மணிமாறனைக் கப்பலேற்றி, தீவில் அடிமையாக விற்பார்கள். கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் விசில் அடிப்பார்கள். வேலை வாங்கும் மண்டோரும் அடிப்பார். நாற்காலியில் கணக்கெழுதும் கிராணி கைதட்டுவார். மறுநாள் இருட்டோடு பெயர் கூப்பிடும் பெரட்டில் அதே மண்டோர், "என்னப்பா, ராத்திரி படமா?" என்று முறைத்தால், தீவையே விடுதலை செய்த என் மாமாமார்கள் தலையைச் சொறிவார்கள்.

படத்துக்குக் கதை தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டினார். கள்ளுக்கடை மறியல், வேலைநிறுத்தம் என்று வட்டாரமே கொதித்தது. 1947-இல் பிரிட்டிஷ் போலீஸ் அடக்க வந்தது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது, தொழிலாளி செத்தார். பாட்டி இதைத் தொடங்கினாலே தாத்தா, "சும்மா இரு புள்ள" என்பார். லயத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர். அதற்குக் காது அதிகம்.

இப்போது தோட்டம் வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது. படம் பார்க்கச் சுங்கை பட்டாணி மாலுக்குப் போகிறோம். 2016-இல் 'கபாலி' வந்தது. தோட்டத்துப் பிள்ளை கோட்டு போட்டதும் அரங்கம் அதிர்ந்தது. தமிழ்நாட்டுப் பிரதியின் முடிவில், போலீஸ் ஏவிவிட்ட இளைஞன் துப்பாக்கியோடு கபாலியை நெருங்குவான். திரை இருண்டு வெடிச்சத்தம் கேட்கும். மலேசியப் பிரதியிலோ கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக எழுத்து வந்தது. ரஜினியையே ஒரே வரியில் மடக்கிப்போட்டார்கள்.

2021-இல் வீட்டு சோபாவில் 'ஜெய் பீம்'. 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் போலீஸ் அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணுவின் வழக்கு அது. மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தியாவுல போலீஸ் இப்படியா!" என்றார். 2009-இல் சிலாங்கூரில் தடுப்புக்காவலில் இறந்த குகனையும், காவல்துறையும் அரசும் பொறுப்பு என்ற 2013-ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பையும் பேச்சில் எடுத்தேன். "சாப்பிடுவோமா மச்சான்?" என்றார்.

அநீதி தூரத்தில் நடந்தால்தான் நமக்கு நன்றாக அழவருகிறது. உள்ளூர்க் கதையைப் படமாக எடுக்க ஆளில்லாமல் இல்லை. தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டம் கைவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் குண்டர் கும்பலுக்குப் போன கதையை 'ஜகாட்' ஆக்கினார் சஞ்சய் குமார் பெருமாள். 2016-இல் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் வாங்கினார். நான் பார்த்த காட்சியில் பாதி நாற்காலி காலி.

அடுத்த உள்ளூர்ப் படத்துக்காவது டிக்கெட் எடுங்கள். யாராவது துணிந்து பீடோங் கதையையும் எடுப்பார்கள். கடைசியில் எல்லோரும் சரணடைந்ததாக ஒரு வரி ஒட்டினாலும் பரவாயில்லை. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நம்முடையதாக இருக்கும்.