இழுபறி சார்

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'இழுபறி சார்'தான். தண்ணீர் மோட்டார் இன்றைக்காவது சரியாகுமா என்று கேட்டால்கூட, "இப்போதைக்கு இழுபறி. மதியத்துக்கு மேல்தான் நிலவரம் தெரியும்" என்பார். மோட்டாரும் அப்படியே நடந்துகொள்ளும்.

தொழில், டிவியில் அரசியல் பேசுவது. ஒரு சேனலில் அவர் பெயருக்குக் கீழே 'மூத்த பத்திரிகையாளர்' என்று வரும். இன்னொன்றில் 'அரசியல் ஆய்வாளர்', மற்றொன்றில் 'சமூகச் செயற்பாட்டாளர்'. ஒரு தடவை அவசரத்தில் பட்டை மாறி 'மகப்பேறு நிபுணர்' என்று விழுந்துவிட்டது. அன்று அவர் பேசியது புதிய கூட்டணி எப்போது பிறக்கும் என்பதைப் பற்றி. அதனால் பத்து நிமிடம் யாருமே கவனிக்கவில்லை. பூர்வாசிரமத்தில் ஒரு வார இதழில் ராசிபலன் பக்கத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். "எதிர்ப்புகள் விலகும், எனினும் நிதானம் தேவை" என்ற வரியைப் பன்னிரண்டு ராசிக்கும் சுற்றி வரவைத்த கை. அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு மணி நேர விவாதம், அவ்வளவுதான். ஓட்டு எண்ணும் நாள் அவருக்குத் தீபாவளி. 2024 ஜூன் 4 அன்று விடிவதற்கு முன்பே வாசலில் கார். முந்தின நாள் ராத்திரியே அவர் மனைவி என்னிடம் வந்துவிட்டார். "தம்பி, நீங்க கூடப் போயிட்டு வாங்க. மைக்கைக் கண்டா இவருக்கு சுகர் மாத்திரை ஞாபகம் வராது. டிபனுக்கு முன்னாடி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. கேமராவைப் பார்த்துக்கிட்டே முழுங்கச் சொல்லுங்க, பரவாயில்ல." இப்படித்தான் நான் மாத்திரை டப்பாவும் கையுமாக ஒரு செய்திச் சேனலுக்குள் நுழைந்தேன்.

விருந்தினர் அறையில் பொங்கல், வடை, கேசரி. திரையில் ஒருவர் குரலை ஒருவர் அமுக்கும் இரண்டு கட்சிக்காரர்கள் அங்கே ஒரே தட்டிலிருந்து வடை எடுத்துக்கொண்டு, பையனுக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைக்கும் என்று கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு செல்போனுடன் ஒரு பெண் குறுக்கும் நெடுக்குமாக ஓடினாள். அவள்தான் கெஸ்ட் கோஆர்டினேட்டர். வயது இருபத்து மூன்று இருக்கலாம். ஆளுங்கட்சி வந்தாச்சா, எதிர்க்கட்சி வந்தாச்சா, தேசியக் கட்சி டிராபிக்கிலா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனில் சொன்னாள்: "நியூட்ரல் வந்தாச்சுண்ணா."

நியூட்ரல் சட்டைக்குள் மைக் ஒயரை விட்டு, காதில் பொத்தானைச் செருகி, நெற்றியில் பவுடர் ஒற்றி உட்காரவைத்தார்கள். அந்தக் காதுப் பொத்தானுக்கு 'டாக்பேக்' என்று பெயர். உள்ளே கண்ணாடி அறையிலிருந்து தயாரிப்பாளர் பேசுவது அதில் கேட்கும். நான் நின்ற இடம் தயாரிப்பாளருக்குப் பின்னால். அங்கே நின்றபோதுதான் எனக்குப் பல வருடச் சந்தேகம் தீர்ந்தது. தயாரிப்பாளர் நாள் முழுக்க அவரிடம் சொன்னது இரண்டே சொல். ஒன்று, "இழுங்க சார்." இன்னொன்று, "முடிங்க சார்." முடிக்கும் முன்பே பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சைப் பறித்துக்கொள்வார். இழுப்பதும் பறிப்பதும். அவருக்கு ஊர் வைத்த பெயரில் தப்பே இல்லை.

ஏன் இழுக்க வேண்டும் என்றால், எட்டு மணிக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. எட்டுக்குத் தபால் ஓட்டு. எட்டரைக்குத்தான் மெஷின். என் மனைவியின் தம்பி பள்ளி ஆசிரியன். எண்ணிக்கை மேற்பார்வையாளராகப் போனவன். அவன் சொல்வது: "ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவா 14 மேஜை மாமா. தமிழ்நாட்டுல ஒரு எம்.பி. தொகுதிக்குள்ள ஆறு சட்டமன்றம். முதல் ரவுண்டுல ஒண்ணாம் நம்பர் பூத்துலேர்ந்து 14 பூத் மெஷின் மேஜைக்கு வரும். சீலைப் பார்க்கணும், ஏஜென்டுங்களுக்குக் காட்டணும், ரிசல்ட் பட்டனை அமுக்கி ஒவ்வொரு வேட்பாளரா எழுதணும், கையெழுத்து வாங்கணும். ஒரு ரவுண்ட் அறிவிக்கறதுக்குள்ள டீ ஆறிடும்." அப்படியென்றால் முதல் ரவுண்டில் முன்னிலை என்பது என்ன? ஒவ்வொரு சட்டமன்றத்திலும் அந்தப் பதினாலு பூத் எந்தத் தெருக்களில் இருக்கிறதோ, அந்தத் தெருக்காரர்களுக்குப் பிடித்தவர் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் திரையில் 8.07க்கே ஒருவர் முன்னிலைக்கு வந்துவிட்டார். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். "இது எங்கேர்ந்து வருதுங்க?" என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். அவன் சுவரில் வரிசையாக இருந்த போட்டிச் சேனல்களின் திரைகளைக் கண்ணால் காட்டினான். "அவங்க போட்டுட்டாங்க சார்." அவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கேயும் ஒரு சுவர் இருக்கும், அதில் இந்தச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. 46 நாள் பூட்டிய அறையில் துப்பாக்கிக் காவலோடு கிடந்தது அந்த ஓட்டு. அதுவரை பொறுத்த நமக்கு, கடைசி மூன்று மணி நேரம் மட்டும் பொறுக்கவில்லை.

ஓட்டுச்சீட்டுக் காலத்தில் இப்படி இல்லை. சீட்டைப் பிரித்து, அடுக்கி, கட்டுக் கட்டி எண்ணி முடிக்க ராத்திரி போய் மறுநாளும் ஆகும். 1989இல் தூர்தர்ஷனில் பிரணாய் ராயும் வினோத் துவாவும் உட்கார்ந்து முடிவுகளைச் சொன்னார்கள். இடையிடையே சினிமா ஓடும். தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் சினிமாவுக்காகப் போர்வையோடு உட்கார்ந்திருந்த நாங்கள், நடுவில் வந்த ரிசல்ட்டையும் பொறுத்துக்கொண்டோம். 2004இல் நாடு முழுக்க மெஷின் வந்தது. ராத்திரி பகலாயிற்று, இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. சினிமாவை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் இழுபறி சாரை உட்காரவைத்திருக்கிறார்கள்.

அன்றைய பெரிய காட்சி தருமபுரி. காலையிலிருந்து பாமகவின் சௌமியா அன்புமணி முன்னிலை. ராட்சத எழுத்தில் 'அதிர்ச்சி' போட்டார்கள். நெறியாளர் திரும்பி, "எப்படிப் பார்க்கிறீர்கள் சார்?" என்றார். டாக்பேக்கில் "இழுங்க சார்" என்ற உத்தரவும் போயிற்று. இழுபறி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வரலாறு வரப்போகிறது என்று அர்த்தம். "இது எதிர்பார்த்ததுதான். ஒரு பக்கம் வாக்குகள் ஒருமுகமாகத் திரண்டிருக்கின்றன. பெண் வேட்பாளர் என்பது கூடுதல் பலம். களத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும்." இருபது நிமிடம். களம் என்று அவர் சொன்னது, எனக்குத் தெரிந்து, பெங்களூர் போகும் ரயில் ஜன்னல்.

பிற்பகலில் தருமபுரி திரும்பியது. திமுகவின் ஆ.மணி முன்னுக்கு வந்து, முடிவில் 21,300 ஓட்டில் ஜெயித்தார். நெறியாளர் மறுபடியும் திரும்பினார். நான் இழுபறி சாருக்காக வெட்கப்படத் தயாரானேன். கண்ணாடி கழன்றது. "இதைத்தான் காலையிலிருந்து சொல்லி வருகிறேன். ஒரு பக்கம் ஒருமுகமாகத் திரண்டால் மறுபக்கமும் திரளும் அல்லவா? கூடுதல் பலம் என்றேன். பலம் என்றால் வெற்றி என்று நான் சொல்லவில்லை." கையில் அதே சீட்டுக்கட்டு. குலுக்கிப் போட்டார், வேறு ஆட்டம் வந்தது. காதில் தயாரிப்பாளர், "சூப்பர் சார், முடிங்க."

விருதுநகர் வேறு மாதிரி. அங்கே காங்கிரசின் மாணிக்கம் தாகூருக்கும் தேமுதிகவின் விஜய பிரபாகரனுக்கும் நாள் முழுக்க மல்லுக்கட்டு. திரையில் இரண்டு போட்டோவும் கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கின. கடைசியில் வித்தியாசம் 4,379. அன்று உண்மையாகவே இழுபறி என்ற சொல்லுக்கு வேலை இருந்த தொகுதி அது ஒன்றுதான். ஆனால் அப்போது இழுபறி சார் மேல் கேமரா இல்லை. அவர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்.

டெல்லிக் கணக்குதான் பெரிய வேடிக்கை. ஜூன் 1 சாயங்காலம் வாக்குக் கணிப்புகள் வந்தபோது பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் அள்ளிக் கொடுத்திருந்தன. அதை நம்பிப் பங்குச் சந்தை ஜூன் 3 அன்று 2,500 புள்ளி ஏறியது. 4ஆம் தேதி எண்ணிப் பார்த்தால் பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. சந்தை 4,300 புள்ளிக்கு மேல் கீழே விழுந்தது. தேசியச் சேனல் ஒன்றில் கணிப்பு நிறுவனத் தலைவர் நேரலையிலேயே கண்ணீர் விட்டார். அதை விருந்தினர் அறை டிவியில் பார்த்த இழுபறி சார் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பாவம் தம்பி. அவர் செஞ்ச ஒரே தப்பு, நம்பர் சொன்னது. நம்பர் சொல்லவே கூடாது."

ஜூன் 1 அன்று இவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. "அலை இருக்கிறது. ஆனால் அலையின் உயரம் கரைக்கு வந்த பிறகுதான் தெரியும்" என்றார். கடற்கரையில் சுண்டல் விற்கும் பையனும் அதைத்தான் சொல்வான். அவனுக்குக் கார் அனுப்ப மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 39, புதுச்சேரி 1 என்று நாற்பதும் ஒரே பக்கம் போனதால், இங்கே பேச்சு பதினோரு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டெல்டா ஏன் போனது என்று ஒரு கால் மணி, கொங்கு ஏன் போனது என்று ஒரு கால் மணி. ஓபி வேனோடு எண்ணிக்கை மையத்து வாசலில் நின்ற செய்தியாளரிடம், "அங்கே கள நிலவரம் எப்படி?" என்று கேட்டார்கள். உள்ளே செல்போன் விட மாட்டார்கள், வெயில் கொளுத்துகிறது, இவர்கள் சொல்லித்தான் அந்தப் பையனுக்கே யார் முன்னிலை என்று தெரியும். அவனும், "நீங்கள் குறிப்பிட்டதைப் போலவே" என்று ஆரம்பித்து இவர்கள் குறிப்பிட்டதையே திருப்பிச் சொன்னான். அன்று நான் பார்த்தவர்களில் கும்பிடத் தோன்றியது அவனை மட்டும்தான்.

கிராபிக்ஸைச் சொல்லாமல் விடக் கூடாது. தரையைப் பிளந்துகொண்டு நாடாளுமன்றம் முளைத்தது. கூரையிலிருந்து ஹெலிகாப்டர் இறங்கியது. தலைவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். நெறியாளர் ஒன்றுமில்லாத பச்சைத் திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "இதோ இங்கே பாருங்கள்" என்றார். நேரில் நின்ற நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பச்சைதான் தெரிந்தது.

ராத்திரி பத்தரைக்கு விட்டார்கள். காரில் ஏறியதும் தொண்டை கட்டிய குரலில், "எப்படி தம்பி இருந்துச்சு? காலைலேர்ந்து நான் சொன்னது அப்படியே நடந்துச்சு பாத்தீங்களா?" என்றார். மனசாட்சிப்படி யோசித்தேன். நடக்காததும் அவர் சொன்னதுதான், நடந்ததும் அவர் சொன்னதுதான். "ஆமா சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி மும்முரமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலையில் அவள் பேங்குக்குப் போயிருக்கிறாள். பாஸ்புக் பதிந்து, லாக்கர் திறந்து, எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த நாமினி மாற்றமும் முடித்து, முக்கால் மணியில் திரும்பியிருக்கிறாள். மேனேஜரே எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டாராம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் வாசலில் கார். தலைப்பு, '2026 யாருக்கு?'

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஓட்டு எண்ணிக்கை நாளுக்கு பேங்க் வேலை ஏதாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். டிவியைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டால் போதும்.