வடமாலையும் சைவந்தான் கண்ணு!

வா கண்ணு, வா. பெங்களூர்ல இருந்து ராத்திரி பஸ்ஸப் புடிச்சு வந்து, விடியக் கருக்கல்லயே கறுப்புக் கண்ணாடியோட வாசல்ல நிக்கறியே, கட்டுத்தறியில இருந்த வெள்ளாடு மெரண்டு போச்சு. சினிமாக்காரி எவளோ வந்துட்டான்னு நானும் வேட்டியச் சரி பண்ணிக்கிட்டேன். கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியுது, ஒத்தத் தலைவலி. நெத்திப்பொட்டுல ஒரு பக்கம் சம்மட்டி அடிக்குது, வெளிச்சம் ஆவல, சத்தம் ஆவல, வாந்தி வேற. சரி, திண்ணையில நெழலாப் பாத்து உக்காரு.

என்னமோ சொன்னியே? "இனிமே கறி, முட்டை, பாலு, தயிரு, நெய்யி ஒண்ணும் வேண்டாங்க அப்புச்சி. செடிகொடியில வெளையறது மட்டுந்தான். அதுலயும் கொழுப்பக் கொறைக்கோணும்." நல்ல ஊராப் பாத்து வந்து சொன்ன போ! இந்தப் பக்கம் ராசிபுரம், நெய்யில பேரு வாங்குன ஊரு. அந்தப் பக்கம் நாமக்கல்லு, முட்டைய வெச்சே பொழைக்கிற சீமை. காவேரிக் கரையில பள்ளிபாளையம், வரமொளகாயும் தேங்காச் சில்லும் போட்டுக் கோழிய வறுத்தே உலகத்துக்குப் பேரு சொன்ன ஊரு. இத்தனைக்கும் நடுவுல நின்னுக்கிட்டு நீ வெரதம் புடிக்கற. உன்ற தைரியம் எனக்கு வராது கண்ணு.

ஆனா போன தடவை வந்தப்பவும் இதே வெரதந்தான், என்ன நடந்துச்சு? சேலம் டவுனுக்குப் போயிட்டு வர்றேன்னு போன. வந்து என்ன சொன்ன? தட்டுவடை செட்டு ரெண்டு ப்ளேட்டு. கேட்டா, "பீட்ரூட்டு, கேரட்டு, வெங்காயம், எல்லாம் செடிதானுங்க அப்புச்சி"ன்ன. ஆமா, செடிதான். அந்தத் தட்டை மட்டும் எண்ணெய்க் கொளத்துல நீச்சல் பழகிட்டு வந்திருக்குது.

நம்ம நாமக்கல்லு ஆஞ்சநேயரப் பாரு. பதினெட்டடி ஒசரம், தலைக்கு மேல கூரை கெடையாது, காலங்காலமா வெயில்லயும் மழையிலயும் நிக்கறாரு. அனுமன் செயந்திக்கு 1,00,008 வடையில மாலை. அதுல கறி இருக்குதா? முட்டை இருக்குதா? சுத்த சைவம். ஆனா அத்தனையும் எண்ணெயில பொரிச்சது. அவருக்கு ஆவும், சாமி. நீயும் நானும் நாலு வடை தின்னாலே நாட்டு வைத்தியரைத் தேடுவோம். சைவம்கிறது வேற, கொழுப்புக் கொறைச்சல்ங்கிறது வேற. இது புரியாமத்தான் பாதிப் பேரு கறிய விட்டுட்டு முறுக்குக்கு மாறறாங்க.

கணக்குச் சொல்றேன் கேளு. 1999-ல அமெரிக்காவுல ஒத்தத் தலைவலிக்காரங்க 54 பேருக்கு, ஒரு நாளைக்குக் கொழுப்பு 20 கிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்லிச் சோத்த மாத்திப் பாத்தாங்களாம். தலைவலி கொறஞ்சுதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. 20 கிராம்னா எவ்வளவு தெரியுமா? கொழம்புக்கு ஊத்தற கரண்டி இருக்குதே, அதுல ஒண்ணு ரெண்டு சாஞ்சாலே முடிஞ்சுது சோலி. நெலக்கடலையில பாதிக்குப் பாதி எண்ணெய்தான். நாலு புடி வறுத்த கடலைய மென்னுக்கிட்டே "நான் எண்ணெயே தொடறதில்ல"ன்னு சொல்ற ஆளுங்கள எனக்குத் தெரியும். உன்ற மாமனையுஞ் சேத்துத்தான் சொல்றேன்.

நீ செல்லுல காட்டுனியே, அந்த 2014-ஆம் வருசத்துச் சமாச்சாரம், அது வாஷிங்டன்ல நடந்தது. 42 பேரு. கொஞ்ச காலம் எண்ணெய் கொறைச்ச தாவரச் சாப்பாடு, அப்பறம் தலைவலியக் கெளப்பற சாமானா ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்கறது. இன்னொரு காலம் சோறு பழையபடி, பேருக்கு ஒரு மாத்தரை. ஒவ்வொண்ணும் பதினாறு வாரம். வலிக்குப் பத்துக்கு இத்தனைன்னு மார்க்குப் போடச் சொன்னாங்க. மொத சுத்துல, இருக்கறதுலயே மோசமான தலைவலிக்கு 6.4 மார்க்கு இருந்தது. சோத்த மாத்துனவங்களுக்கு 2.1 எறங்குச்சு, மாத்தரைக்காரங்களுக்கு 0.7 எறங்குச்சு. நல்லதுதானே? ஆனா வாரத்துக்கு எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணிப் பாத்தா, ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசம் இல்ல. அதாவது, ஒறம்பரை வர்றது நிக்கல. வந்தா போடற கூச்சல் மட்டும் கொஞ்சம் கொறஞ்சுது. அதுவே பெரிய புண்ணியந்தான், இல்லைங்கல.

இன்னொரு கொனஷ்டையும் இருக்குது. மாத்தரைன்னா உள்ள மருந்தா மாவான்னு தெரியாம குடுத்துச் சோதிக்கலாம். தட்டுல கெடக்கறது கத்திரிக்காயா கறியான்னு தின்கறவனுக்குத் தெரியாம மறைக்க முடியுமா? "நான் புதுச் சோறு திங்கறேன், சரியாப் போயிரும்"ங்கற நெனப்பே கொஞ்சம் வலியத் தின்னுரும்.

அதுக்குள்ள 2021-ல இன்னொரு கூட்டம். 182 பேர வெச்சுப் பாத்து, கொழுப்புள்ள கடல் மீனக் கூட்டு, வெதை எண்ணெயக் கொறைங்கறான். அப்படித் தின்னவங்களுக்கு மாசத்துல நாலு நாளாட்டத் தலைவலி கொறஞ்சுதாம். மீனுன்னதும் எனக்கு மேட்டூர் அணை மீனு நெனப்பு வந்து நாக்குல எச்சி ஊறுச்சு, அது வேற கதை. ஒருத்தன் மீனே வேண்டாங்கறான், ஒருத்தன் மீனத் தின்னுங்கறான். ஆனா ரெண்டு பேரும் ஒரே எடத்துல கையெழுத்துப் போடறாங்க பாரு: பொரிக்கிற சட்டியில ஊத்தற வெதை எண்ணெயக் கொறை. சண்டை போடற பங்காளிக ரெண்டு பேரும் ஒரே வார்த்தை சொன்னா அது நெசமா இருக்கும் கண்ணு.

"அப்போ அந்தக் காலத்துச் சாப்பாடுதான் மருந்துங்களா அப்புச்சி?"ன்னு நீ கண்ண விரிக்கறது தெரியுது. இங்கதான் நானு கொஞ்சம் குனிஞ்சு பேசோணும்.

உன்ற அம்மாயி இருந்தாளே, அவ தின்னதெல்லாம் என்ன? ராகிக் களி, சோளச் சோறு, கம்மங்கூழு, கொள்ளுக் கடைசல், பண்ணைக் கீரை. கறின்னா நோம்பிக்கும் ஒறம்பரைக்கும்தான். எண்ணெயக் கண்ணுல காட்டித் தாளிப்பா. நீ இன்னிக்குப் பேரு வெச்சுப் படிக்கறியே, அத அவ பேரு தெரியாமயே ஆயுசு பூராத் தின்னா. அப்படித் தின்னும் அவளுக்கு மாசத்துல மூணு நாள் மண்டையிடி. தலையில துண்ட இறுக்கிக் கட்டி, சுக்கரைச்சுப் பத்துப் போட்டு, இருட்டு ரூமுல சுருண்டு கெடப்பா. நானு லாரியில நாக்பூர் போயிட்டு வந்து எறங்குவேன். "களை எடுக்கற அன்னிக்கு மட்டும் கரெக்டா வருதே உன்ற தலைவலி"ன்னு நக்கல் பண்ணுவேன். ஊரே சிரிக்கும். அவளும் சிரிப்பா, கண்ணத் தொறக்காமயே.

இப்போ நீ படிச்சுச் சொல்லச் சொல்லத்தான் ஒறைக்குது. பொம்பளைங்களுக்கு இந்த வலி ஆம்பளைங்களக் காட்டிலும் மூணு மடங்காம். மாதவிலக்கு நாளுல ஒடம்புக்குள்ள நடக்கற ஏத்த எறக்கமே கெளப்பி உடுமாம். பட்டினி கெடந்தாக் கெளப்புமாம். எல்லாரும் தின்ன பின்னாடி, சூரியன் உச்சிக்கு வந்தப்பறம்தான் அவ மொத வாய் வெப்பா. அதுக்கு முன்னாடி கடலைக் காட்டுல மொட்டை வெயிலு. வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரக் கொண்டையோட அடுப்படியில நிப்பா. மும்பையில ரவிசங்கர்னு ஒரு தலைவலி டாக்டரு, தலைக்குக் குளிச்சா ஒத்தத் தலைவலி வர்ற 94 பேரப் பத்தி 2006-ல எழுதியிருக்காராமே! நம்ம வீட்டுல அதுக்கு ஒரு சாட்சி இருந்துச்சு, கேக்கத்தான் ஆளில்ல. அவ தட்டுல தப்பே இல்ல கண்ணு. தட்டு அவகிட்ட வந்து சேந்த நேரந்தான் தப்பு.

நீ ஒண்ணும் தனி ஆளில்ல. உன்ற பெங்களூர்லயே, நிம்ஹான்ஸ் டாக்டருங்க ஊருக்குள்ளயும் கிராமத்துலயும் வீடு வீடாப் போயி 2,329 பேரக் கேட்டிருக்காங்க. நூத்துக்கு இருவத்தஞ்சு பேருக்கு அந்த ஒரு வருசத்துக்குள்ள ஒத்தத் தலைவலி வந்திருக்குது. தோப்பூர்க் கணவாய் தாண்டி நம்ம பக்கம் வந்தா இது மட்டும் மாறிருமா?

அதனால நானு சொல்றது இதுதான். லாரிக்காரனுக்கு டிரிப் ஷீட்டு எப்படியோ, அப்படி உன்ற தலைக்கு ஒரு நோட்டுப் போடு. எப்போ எந்திரிச்ச, எப்போ தின்ன, என்ன தின்ன, எத்தனை மணிக்குத் தூங்குன, மாதவிலக்கு என்னிக்கு, வலி எப்போ ஏறுச்சு, எப்போ எறங்குச்சு. ரெண்டு மாசம் எழுது. டயரு எந்த ரோட்டுல தேயுதுன்னு ஷீட்டப் பாத்தாத் தெரியறாப்புல, உன்ற மண்டை எதுல தேயுதுன்னு தெரிஞ்சுரும். சந்தேகப்பட்ட சாமானு ஒண்ண நிறுத்து, கொஞ்ச நாள் பாரு, மறுபடி தின்னு பாரு. எல்லாத்தையும் ஒரே நாளுல நிறுத்திட்டு எது திருடன்னு என்னையக் கேக்காத. காப்பியையும் திடீர்னு நிறுத்தாத, அது கோவிச்சுக்கிட்டே ஒரு தலைவலியக் குடுத்துட்டுத்தான் போவும்.

சோறா? காத்தால எந்திரிச்சு ஒரு மணி நேரத்துல ராகிக் கூழு, மோருக்குப் பதிலு நீச்சத்தண்ணி. மத்தியானம் சோறு, பச்சப்பயிறு கடைசல், சொரக்கா, ஒரு கீரை. ராத்திரி களியும் கொள்ளு ரசமும். தாளிக்க ஒரு டீஸ்பூனு எண்ணெய், அதுவும் அளந்து. ராகியிலயும் கீரையிலயும் மெக்னீசியம் இருக்குது. அதையே மாத்தரையாக் குடுத்து ஒத்தத் தலைவலியத் தடுக்கப் பாக்கற டாக்டருங்களும் உண்டு. பாலு முட்டை எல்லாத்தையும் அடியோட உட்டீன்னா பி12 மாத்தரை போட்டே ஆவோணும், கீரை அதுக்கு ஈடாவாது.

அப்பறம் உன்ற கைப்பையில கொலுசாட்டம் குலுங்குதே, வலி மாத்தரை. அதுக்கும் நோட்டுல ஒரு கட்டம் போடு. சாதாரண வலி மாத்தரையே மாசத்துல பதினஞ்சு நாளு, கலப்பு மாத்தரையும் ஒத்தத் தலைவலிக்குன்னே குடுக்கறதும் பத்து நாளு, இப்படியே மூணு மாசத்துக்கு மேல போனா, மாத்தரையே தலைவலியக் குடுக்க ஆரம்பிச்சுரும். கடன அடைக்கக் கடன் வாங்கற கதை. அந்தக் கணக்கு வந்துட்டா நரம்பு டாக்டரப் பாரு. வராமத் தடுக்கற மருந்து இருக்குது. திடீர்னு இடி விழுந்தாப்புல வலிச்சாலோ, கை கால் ஓஞ்சாலோ, பேச்சுக் கொளறுனாலோ, காச்சலோட பொடனி வெறைச்சாலோ, கூழுக் காச்சிக்கிட்டு உக்காந்திருக்காத. ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கெளப்பு.

கடைசியா ஒண்ணு, இத உன்ற ஊட்டுக்காரனுக்குச் சொல்லு. பட்டினி கெடக்கற பொம்பளைக்கு எந்த எண்ணெயக் கொறைச்சும் பிரயோசனம் இல்ல. தலைவலிக்கற அன்னிக்கு அடுப்பப் பத்த வெக்கறது யாருன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, அப்பறம் சட்டியில எத்தனை சொட்டுன்னு பேசலாம். நானு அதை எம்பது வயசுல கத்துக்கிட்டேன். இன்னிக்குக் களி நாந்தான் கிண்டுனேன், அடியில கொஞ்சம் புடிச்சிருக்குது. ஆர்றதுக்குள்ள வந்து தின்னு.